தொப்பிக்காரரும் பறக்கும் விலங்குகளும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

ஓவியம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது நாட்காட்டிப் படந்தான். எங்கள் வீட்டுச் சுவரிலும் மளிகைக் கடையில் கொடுத்த முருகன் படம் ஒன்றுதான் உண்டு. அதில் மயில் மயிலாகவே இருக்கும். வேல் வேலாகவே இருக்கும். படம் என்றால் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்பதே நான் அறிந்திருந்த இலக்கணம். சென்ற விடுமுறையில் சென்னை ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் கே. இராமானுஜத்தின் படங்களைக் கண்டபோது அந்த இலக்கணம் ஆட்டம் கண்டுவிட்டது.

கிராமத்தைப் பற்றி ஓரிரு சொற்கள். இன்று அரசு கவின் கலைக் கல்லூரி எனப்படும் நிறுவனத்தின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர், தம் மாணவர்களுடன் சேர்ந்து 1966-ல் அதை அமைத்தார். படம் விற்றால்தான் சோறு என்ற நிலையில், வாங்குகிறவர் விரும்புவதைத்தானே வரைய வேண்டியிருக்கும்? ஆகவே அவர்கள் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுப் பிழைப்பைப் பார்த்துக்கொண்டார்கள்; ஓவியத்தைத் தம் விருப்பம்போல் வரைந்தார்கள். 2009-ல் அங்கே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

இராமானுஜம் பணிக்கரின் மாணவர். பேச்சுத் தடையும் மனநோயும் உடையவர். முப்பது வயதைச் சற்றே கடந்த நிலையில், 1973-ல், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

அவருடைய படங்களில் பெரும்பாலானவை காகிதத்தில் மையால் வரைந்தவை. கோபுரமா, அரண்மனையா என்று சொல்ல முடியாத கட்டடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பி நிற்கும். பாம்புகள் நெளியும். சிறகு முளைத்த விலங்குகள் வானில் மிதக்கும். அவற்றின் நடுவே கோட்டும் தொப்பியும் அணிந்த ஒரு மனிதர் அரசனைப்போல் பவனி வருவார். அவர் வேறு யாருமல்லர், இராமானுஜமேதான்!

"என்னடா இது, காய்ச்சலில் கனவு கண்டவன் வரைந்த மாதிரி இருக்கு!" என்றான் உடன் வந்த நண்பன். நானும் சிரித்தேன் என்பதை மறைப்பானேன்?

ஆனால் அவன் சொன்ன கனவு என்ற சொல்லில் விஷயம் இருந்தது. 1924-ல் பாரிசில் ஆந்திரே பிரெத்தோன் என்னும் கவிஞர் ஓர் அறிக்கை வெளியிட்டார். பகுத்தறிவின் காவலை விலக்கி, கனவிலும் அடிமனத்திலும் தோன்றுவதை அப்படியே கலையாக்க வேண்டும் என்றார். சர்ரியலிசம் என்ற இயக்கம் இப்படித்தான் பிறந்தது. 1931-ல் சால்வதோர் டாலி வரைந்த படத்தில் கடிகாரம் ஒன்று வெயிலில் உருகிய வெண்ணெய்போல் மரக்கிளையில் தொங்குகிறது. கடிகாரம் கடிகாரந்தான், கிளையும் கிளைதான். அவை சேர்ந்த விதந்தான் விந்தை. உருவமே இல்லாத அரூப ஓவியத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. இங்கே உருவம் உண்டு; உருவங்களுக்கிடையே உள்ள உறவு மட்டும் நாம் விழித்திருக்கும்போது காண்பதன்று.

இதை நினைத்து நாம் மிரள வேண்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. சிங்க உடலும் துதிக்கையுமாக நிற்கும் யாளியைக் கோயில் தூணில் பார்த்து, "இது எந்த வகுப்பு, எந்தக் குடும்பம்?" என்று விலங்கியல் மாணவன்கூடக் கேட்டதில்லையே! இராமானுஜத்தின் விலங்குகளைக் கண்டபோது பாரிசைவிட அந்தத் தூண்களும், சிறுவயதில் இரவல் வாங்கிப் படித்த அம்புலிமாமாவுந்தான் என் நினைவுக்கு வந்தன. பாரிசில் அதை ஒரு கொள்கையாக வகுத்தார்கள். இவருக்குக் கொள்கை எதுவும் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

"மனநோயாளி வரைந்தது; அதனால் இப்படி" என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆய்வகத்தில் கரப்பான் பூச்சியின் வாயுறுப்புகளை ரெக்கார்டு நோட்டில் வரைகிறோம் அல்லவா? பென்சிலில் வரைந்தே நான் ஒரு பக்கத்துக்கு நாலு முறை அழிக்கிறேன். மைக்கோட்டை அழிக்க முடியாது. அப்படியிருக்க, மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான கோடுகளை நெருக்கி நெருக்கி இட்டு, எங்கே இருள், எங்கே ஒளி என்று அளந்து நிரப்பியிருக்கிறாரே, அந்தக் கை தடுமாறிய கையா? நோய் அவருக்குத் துன்பத்தைத் தந்திருக்கும். கோட்டைத் தந்தது பயிற்சிதான்.

தொப்பிக்காரரிடம் மீண்டும் வந்தேன். வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்திருந்தும் ஆங்கிலத்தில் சொல்ல நா எழாமல் நான் நின்றதுண்டு. அன்றிரவு படுக்கையில் அதே கேள்விகளுக்குக் கடகடவென்று பதில் சொல்லி, கைதட்டலும் வாங்கிக்கொள்வேன். என்னுடையது ஒரு நாள் சங்கடம். வாழ்நாள் முழுதும் சொல் தடைப்பட்ட ஒருவர், தாம் தலை நிமிர்ந்து வலம்வர ஒரு நகரத்தையே கட்டிக்கொண்டார். அதற்கு வாகனம் செய்தார், வானம் செய்தார். அந்த நகரத்தில் யாரும் அவரைப் பேசச் சொல்வதில்லை.

நண்பனிடம் இதைச் சொன்னேன். அவன் பதில் ஒன்றும் கூறவில்லை. அடுத்த படத்தருகே போய்க் குனிந்து, கோபுரங்களுக்கிடையே தொப்பி எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தான்.