கப்பல் தலைவர் நீமோ எதை மறைத்தார்?

கிடர்பூர் டாக்கிற்குள் கப்பல் நுழையும்போது பாலம் விலகும். இருபுறமும் லாரி, பஸ், சைக்கிள், தள்ளுவண்டி எல்லாம் வரிசையாக நின்றுவிடும். அப்படி நிற்பவர்களில் பாதிப் பேருக்கு வருகிற கப்பலின் ஜாதகமே தெரியும். பெயர் என்ன, எந்தத் தேசத்துக் கொடி, என்ன சரக்கு என்பதைக் கேட்காமலே சொல்வார்கள். 1892-ல் திறக்கப்பட்ட இந்த டாக்கிற்கு ஒருவருக்கும் தெரியாமல் ஒரு கப்பல் வந்துவிட முடியாது. மணல் திட்டுகள் நிறைந்த ஹூக்ளியில் நுழைவதற்கே பைலட் ஏறியாக வேண்டும்.

பெயர் சொல்லாத, எந்தத் துறைமுகத்திலும் கட்டாத கப்பல் ஒன்று இந்தக் கங்கை கடலில் கலக்கும் பக்கமாக வந்துபோனதாகக் கதை உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் எழுதி 1869-70-ல் வெளிவந்த ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ என்ற நவீனத்தில் வரும் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல்தான் அது. கதைப்படி 1868 ஜனவரியில் அது வங்காள விரிகுடாவில் வருகிறது. கங்கை அடித்துக்கொண்டு வந்த பிணங்கள் அலைமேல் மிதப்பதைக் கப்பலில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள். கல்கத்தாக்காரர்கள் அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிடுவது வழக்கம்!

அந்தக் கப்பலின் தலைவர் நீமோ. லத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘ஒருவருமில்லை’ என்று பொருள். மேதை, வள்ளல், கொலைகாரர் ஆகிய மூன்று பட்டங்களும் அவருக்கு உண்டு. மூன்றையும் மறுக்க முடியாது. அவருக்குத் தெரிந்ததை உலகத்துக்கு மறைத்தாரா, மறைத்தார் என்றால் எதை மறைத்தார் என்ற கேள்வி 150 வருஷமாக வாசகர்களிடையே இருந்துவருகிறது.

வங்காளிகளுக்கு வெர்ன் அந்நியர் அல்ல. 2019-ல் காலமான அத்ரீஷ் வர்தன் அவரை வங்க மொழியில் கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களில் பலர் அவரை ஆங்கில நான்-டீடெயில் புத்தகத்தில் சந்தித்திருப்பார்கள். எண்பது நாளில் உலகத்தைச் சுற்றக் கிளம்பி, ரயில் பாதை பாதியில் நின்றுபோனதால் யானை வாங்கிப் பிரயாணம் செய்து, கடைசியில் கல்கத்தா கோர்ட்டில் ஜாமீன் கட்டிய ஃபிலியாஸ் ஃபாக்கை மறந்திருக்க மாட்டார்கள்.

காட்டியவை

நீமோவின் கப்பலில் மூன்று பேர் கைதிகளாகச் சிக்குகிறார்கள்: பேராசிரியர் அரோனாக்ஸ், அவருடைய வேலையாள் கான்செய், திமிங்கில வேட்டைக்காரன் நெட் லாண்ட். கப்பலுக்குள் எங்கும் போகலாம், ஆனால் கரைக்கு என்றும் திரும்ப முடியாது என்பது நீமோவின் நிபந்தனை. சில சமயம் அறைக்குள் அடைக்கப்படுவீர்கள், காரணம் கேட்கக்கூடாது என்பது உப நிபந்தனை.

இத்தனை கெடுபிடி செய்தவர், விஞ்ஞான விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டவே இல்லை. கப்பலை ஓட்டும் மின்சாரம் எப்படிக் கிடைக்கிறது என்று விளக்குகிறார். இயந்திர அறைக்குக் கூட்டிப் போகிறார். பன்னிரண்டாயிரம் புத்தகங்கள் கொண்ட நூலகத்தைத் திறந்துவிடுகிறார். செங்கடலுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே பூமிக்கடியில் ஒரு சுரங்கப் பாதை இருப்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதைக் கண்டுபிடித்த விதத்தையும் ஒளிக்காமல் சொல்கிறார்: செங்கடலில் பிடித்த மீன்களின் வாலில் செப்பு வளையம் மாட்டி விட்டாராம். சில மாதம் கழித்து அதே வளையத்தோடு மீன்கள் சிரியாக் கரையில் அகப்பட்டனவாம். சூயெஸ் கால்வாய் 1869-ல்தான் திறக்கப்பட்டது என்பதை நினைத்துக்கொண்டால் இந்த ரகசியத்தின் விலை புரியும். எந்த அரசாங்கமும் இதற்குக் கோடிகள் கொடுத்திருக்கும்.

தமிழர்களுக்கு நெருக்கமான காட்சி மன்னார் வளைகுடாவில் நடக்கிறது. கடலடிக் குகை ஒன்றில் பிரம்மாண்டமான சிப்பி இருக்கிறது. அதன் வாய் மூடிக்கொள்ளாதபடி நீமோ தம் கத்தியைச் செருகி, உள்ளே தேங்காய் அளவு முத்து வளர்ந்திருப்பதை அரோனாக்ஸுக்குக் காட்டுகிறார். பிறகு கத்தியை உருவிக்கொண்டு வந்துவிடுகிறார். இன்னும் வளரட்டும் என்று விட்டுவைத்த முத்து அது.

திரும்பும் வழியில் முத்துக் குளிக்கும் ஏழை ஒருவரைச் சுறா தாக்குகிறது. நீமோ கத்தியோடு பாய்கிறார். அவரும் மாட்டிக்கொள்ளும் சமயத்தில் நெட் லாண்ட் எறிந்த ஈட்டி சுறாவைக் கொல்கிறது. மயங்கிக் கிடந்தவருக்கு நினைவு திரும்பியதும் நீமோ ஒரு பை முத்தை அவர் கையில் வைக்கிறார். அந்த மனிதரை இந்தியர் என்று மட்டுமே வெர்ன் எழுதுகிறார். அந்தக் கடலில் முத்துக் குளித்தவர்கள் யார் என்பதைத் தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் நசுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்தவர், தானும் சாகும்வரை அந்த நாட்டுக்காரனே என்று நீமோ அங்கே வாய்தவறிச் சொல்லிவிடுகிறார். முதல் புத்தகம் முழுவதிலும் அவருடைய ஊர் பற்றிக் கிடைக்கும் துப்பு ஏறக்குறைய இவ்வளவுதான்.

மறைத்தவை

முத்துக் காட்சிக்குச் சில நாள் முன்னால் நடந்ததைப் பார்க்க வேண்டும். தொடுவானத்தில் எதையோ கண்ட நீமோவின் முகம் மாறுகிறது. மூன்று கைதிகளையும் அறையில் அடைக்கிறார்கள். சாப்பாட்டில் தூக்க மருந்து கலக்கப்படுகிறது. மறுநாள், மண்டை உடைந்த மாலுமி ஒருவரைக் காட்டி வைத்தியம் செய்ய முடியுமா என்று அரோனாக்ஸை நீமோ கேட்கிறார். எப்படி அடிபட்டது என்றதற்கு, கப்பல் அதிர்ந்ததில் ஒரு கம்பி உடைந்து தாக்கியது என்று பதில். கப்பல் எதில் மோதி அதிர்ந்தது? பதில் இல்லை. மாலுமி இறக்கிறார். கடலடியில் பவழக் காட்டில் அவரைப் புதைக்கிறார்கள்.

இரண்டாவது சம்பவம் 1868 ஜூனில். கொடி தெரியாத ஒரு போர்க்கப்பல் நாட்டிலஸைச் சுடுகிறது. தன் தேசம், மனைவி, மக்கள், பெற்றோர் எல்லாம் அழியக் காரணமானவர்கள் அவர்களே என்கிறார் நீமோ. அது எந்த நாட்டுக் கப்பல் என்பது அரோனாக்ஸுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்றும் சொல்லிவிடுகிறார். மறுநாள் அதை இடித்துத் துளைத்து மூழ்கடிக்கிறார். ஆட்கள் தண்ணீரில் தத்தளித்துச் சாவதைக் கண்ணாடி ஜன்னல் வழியே கடைசிவரை பார்க்கிறார். பிறகு தம் அறைக்குப் போய், ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் உள்ள படத்தின் முன்னால் மண்டியிட்டு அழுகிறார்.

இங்கே ஓர் உண்மைக் கப்பல் ஞாபகத்துக்கு வரும். 1914 செப்டம்பரில் கல்கத்தா வழித்தடத்தில் கப்பல்களை வேட்டையாடி, 22-ம் தேதி சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் எம்டன்தான் அது. கெட்டிக்காரத் தந்திரசாலியை ‘சரியான எம்டன்’ என்று நம்மவர் சொல்வது அதனால்தான். அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் வணிகக் கப்பல்களைப் பிடித்தபோது, ஆட்களை இறக்கி வேறு கப்பலில் ஏற்றிவிட்டுத்தான் மூழ்கடித்தார். எதிரிகளே அவரைப் பாராட்டினார்கள். தன்னைச் சுட்டது போர்க்கப்பல், அது வேறு விஷயம் என்று நீமோவுக்காக வாதாடலாம். ஆனால் மூழ்கியவர்களில் ஒருவரையாவது தூக்க அவர் கை நீளவில்லை.

ஆக, தமக்குத் தெரிந்ததை நீமோ ஒளித்தார் என்பது பாதிதான் சரி. கேட்கத் தகுதியான ஒருவர் கிடைத்ததும் தெரிந்ததையெல்லாம் கொட்டினார். ஒளித்தது தாம் செய்ததைத்தான்.

இரண்டு வாக்குமூலங்கள்

வெர்ன் 1874-75-ல் ‘மர்மத் தீவு’ என்ற இன்னொரு நவீனத்தை எழுதினார். அதில் நீமோ கிழவராக, தனியாளாக, பசிபிக் தீவு ஒன்றின் கடற்குகையில் நாட்டிலஸோடு அடைபட்டிருக்கிறார். அந்தத் தீவில் ஒதுங்கிய அமெரிக்கர்களின் தலைவர் சைரஸ் ஸ்மித் என்ற எஞ்சினீயர். அரோனாக்ஸ் தப்பிப் போய் எழுதிய புத்தகத்தை ஸ்மித் படித்திருக்கிறார். மரணப் படுக்கையில் இருக்கும் நீமோவிடம் அந்தப் போர்க்கப்பல் பேச்சை எடுக்கிறார்.

நீமோ கொதித்துப்போகிறார். தான் ஆழமில்லாத குறுகிய விரிகுடாவில் மாட்டிக்கொண்டிருந்ததாகவும், எதிரிக் கப்பல் வழியை அடைத்ததாகவும், போயாக வேண்டியிருந்ததால் போனதாகவும் சொல்கிறார்.

அரோனாக்ஸ் எழுதியது இதுவல்ல. திறந்த கடலில், தப்பிப் போக வேகமும் ஆழமும் இருக்கும்போதே, எதிரியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் மறுநாள் தாக்கினார் என்பது அவர் சாட்சியம். ரயில் விபத்து விசாரணையில் டிரைவர் ஒன்று சொல்லி கார்டு வேறு சொன்னால் விசாரணை அதிகாரி என்ன செய்வார்? இருவரில் யாருக்குப் பொய் சொல்ல அவசியம் என்று பார்ப்பார். அரோனாக்ஸுக்கு அவசியம் இல்லை. அவர் நீமோவை வெறுத்தவர் அல்ல, பாதி வழிபட்டவர்.

வெர்னின் கவனக்குறைவு இது என்று சொல்பவர்களும் உண்டு. வருஷக் கணக்கும் உதைக்கத்தான் செய்கிறது. 1868-ல் தப்பிய அரோனாக்ஸ், அதே 1868 அக்டோபரில் சாகும் நீமோவின் பேச்சில் பதினாறு வருஷத்துக்கு முன் போனவராகிறார்! ஆனால் வருஷம் தவறுவது ஒன்று, குற்றத்தைச் செய்தவர் வாயில் அதற்கு ஒரு சமாதானம் வருவது இன்னொன்று. தாம் செய்தது சரியா தவறா என்று நீமோ ஸ்மித்தைக் கேட்கவும் செய்கிறார். உள்ளதை உள்ளபடி சொல்லாமலே தீர்ப்புக் கேட்கிறார்.

திப்புவின் மருமகன்

அந்தப் புத்தகத்தில்தான் நீமோவின் உண்மைப் பெயர் வெளியாகிறது. புந்தேல்கண்ட் ராஜாவின் மகன் டக்கார். திப்பு சுல்தானுக்கு மருமகன் முறை. (புந்தேல்கண்டுக்கும் மைசூருக்கும் எப்படிச் சம்பந்தம் என்று வெர்ன் விளக்கவில்லை.) ஐரோப்பாவில் படித்து 1849-ல் நாடு திரும்பி, 1857 கிளர்ச்சியில் போரிட்டு, குடும்பத்தைப் பறிகொடுத்துக் கடலுக்குள் போனவர்.

வெர்ன் முதலில் அவரைப் போலந்துக்காரராக்கவே நினைத்தார். 1863-ல் ரஷ்யாவுக்கு எதிராக எழுந்த போலந்துக் கிளர்ச்சி அவர் மனத்தில் இருந்தது. பதிப்பாளர் எட்ஸெல் சம்மதிக்கவில்லை. ரஷ்யாவிலும் புத்தகம் விற்க வேண்டும். எனவே முதல் புத்தகத்தில் நீமோவுக்கு ஊரே இல்லாமல் போயிற்று. அங்கே மறைத்தவர் நீமோ அல்ல, பதிப்பாளரின் கல்லாப்பெட்டி.

இந்தியரான பிறகும் மறைப்பு நிற்கவில்லை. கிங்ஸ்டன் பெயரில் 1875-ல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில், 1857 பற்றிய பகுதி பிரிட்டிஷ் ஆட்சிக்குச் சாதகமாகத் திருத்தி எழுதப்பட்டது. ஸ்மித்தின் பெயரும் ஹார்டிங் என்று மாறியது. ஆங்கிலத்தில் படித்த தலைமுறைகள், நம் நாட்டவர் உள்பட, நீமோ சொன்னதாகப் படித்தது அவர் சொல்லாததை.

திப்புவின் உண்மைக் குடும்பம் கிடர்பூருக்கு அதிக தூரத்தில் இல்லை. 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு வேலூர்க் கோட்டையிலிருந்து அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். டாலிகஞ்ச் பக்கம் குடியமர்ந்தார்கள். தர்மதலாவில் நிற்கும் திப்பு சுல்தான் மசூதி, திப்புவின் மகன் குலாம் முகம்மது 1842-ல் கட்டிமுடித்தது. கிடர்பூரை ஒட்டிய மட்டியாபுருஜில் இன்னொரு அரசர், அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா. ராஜ்யத்தைப் பறிகொடுத்து 1856-ல் வந்தவரை, 1857 கலவரத்தின்போது முன்ஜாக்கிரதையாக வில்லியம் கோட்டையில் அடைத்தார்கள். 1859-ல் விடுதலையானவர் 1887-ல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். இந்த அரச குடும்பங்கள் காவலுக்குள் வாழ்ந்த அதே வருஷங்களில், கற்பனை இளவரசர் டக்காருக்கு மட்டும் யாரும் காவல் போட முடியாத கப்பல் கிடைத்தது.

2003-ல் வந்த ஹாலிவுட் படம் ஒன்றில் நஸிருதீன் ஷா நீமோவாக வந்தார். 1954 டிஸ்னி படத்து நீமோவான ஜேம்ஸ் மேஸனிடம் இந்திய வாடையே கிடையாது.

கடைசிக் காகிதங்கள்

மர்மத் தீவில் நீமோ வேறு மாதிரி மறைகிறார். நன்மை செய்துவிட்டு முகம் காட்டுவதில்லை. ஸ்மித்தைக் கடலிலிருந்து காப்பாற்றுகிறார். கருவிப் பெட்டியைக் கரையில் ஒதுங்க வைக்கிறார். காய்ச்சலில் கிடக்கும் பையனுக்குக் கொயினா மருந்தை இரவோடு இரவாக வைத்துவிட்டுப் போகிறார். கடற்கொள்ளையர் கப்பலை வெடிவைத்துத் தகர்க்கிறார். இவ்வளவையும் செய்தது யார் என்று தெரியாமல் அந்த ஆட்கள் வருஷக்கணக்கில் தவிக்கிறார்கள்.

சாவதற்கு முன் ஸ்மித்தை மட்டும் தனியே அழைத்து ஒரு ரகசியம் சொல்கிறார். குகையின் சுவர் பிளந்து கடல் நீர் எரிமலைக்குள் பாயும், தீவு சிதறும் என்பது அது. சொன்னபடியே நடக்கிறது. மிஞ்சிய ஒரு பாறைமேல் பட்டினியாகக் கிடப்பவர்களை ஒரு கப்பல் வந்து மீட்கிறது. அந்தக் கப்பலுக்கு வழி எப்படித் தெரிந்தது? பக்கத்துத் தீவில் யாரோ அட்சரேகை, தீர்க்கரேகை எழுதி வைத்துவிட்டுப் போன சீட்டு. எழுதியவர் நீமோ.

இன்னொரு காகிதமும் உண்டு. முதல் புத்தகத்தின் முடிவுப் பகுதியில் அவர் அரோனாக்ஸிடம் ஒரு கையெழுத்துப் பிரதியைக் காட்டுகிறார். பல மொழிகளில் எழுதியது. கடலைப் பற்றி ஆராய்ந்ததும் தம் வாழ்க்கை வரலாறும், சொந்தப் பெயரில் கையெழுத்திட்டு. மூழ்காத பெட்டியில் வைத்து, கப்பலில் கடைசியாக மிஞ்சுபவர் அதைக் கடலில் எறிய வேண்டும், அலை கொண்டுபோகும் இடத்துக்கு அது போகட்டும் என்பது ஏற்பாடு.

கடைசியாக மிஞ்சியவர் நீமோவேதான். அவர் இறந்ததும், அவர் விருப்பப்படி, ஸ்மித்தின் ஆட்கள் நாட்டிலஸின் தண்ணீர்க் குழாய்களைத் திறந்துவிடுகிறார்கள். விளக்கு எரிந்தபடியே கப்பல் இறங்குகிறது. ஒரு பெட்டி நிறைய வைரமும் முத்தும் ஸ்மித் கையில் இருக்கின்றன. அந்தக் கையெழுத்துப் பிரதி எங்கே என்று அவர் கேட்கவில்லை. நீமோவும் சொல்லவில்லை.