உங்களுக்குத் தெரியுமா? துப்பாக்கிக்கு வெந்நீர்க் குளியல்

இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ், இந்தியச் சிப்பாய்கள் சுமந்த துப்பாக்கி லீ-என்ஃபீல்டு 303. சுட்டு முடித்ததும் குழலின் பின்பக்கம் புனல் வைத்து, கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவார்கள். இரும்புக்குத் தண்ணீர் எமனல்லவா?

காரணம் தோட்டாவின் அடியில் இருந்தது. மருந்தைப் பற்றவைக்கும் சின்ன கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலுக்குள் படியும். நம் சமையல் உப்பின் நெருங்கிய உறவு அது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவைத்துச் சீக்கிரமே துருவேற்றிவிடும். எண்ணெயில் உப்பு கரையாது. எவ்வளவு பூசினாலும் அடியில் அரிப்பு நடந்துகொண்டேதான் இருக்கும். தண்ணீர்தான் அதைக் கரைக்கும். கொதிநீர் என்றால் குழலும் சூடேறி, மிச்ச ஈரம் தானே ஆவியாகிவிடும்.

அதன்பிறகே துடைப்பும் எண்ணெயும். ஒரு முனையில் பித்தளை எடை கட்டிய கயிற்றைக் குழலுக்குள் விட்டு, மறுமுனையில் துணி செருகி இழுப்பார்கள். துணியின் அளவு 4 அங்குலத்துக்கு 2 அங்குலம். அதனால் அதன் பெயரே 'ஃபோர் பை டூ'. கயிறும் எண்ணெய்க் குப்பியும் துப்பாக்கியின் கட்டைக்குள்ளேயே, ஒரு சிறு மூடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். எத்தனை அக்கறையான ஏற்பாடு!