பானைக்குள் எரிந்த விளக்கு

கோவையிலிருந்து மேற்கே செல்லும் ரயில் வாளையாற்றைத் தாண்டிக் கஞ்சிக்கோட்டு நிலையத்தை நெருங்கும்போது, மலைகள் இருபுறமும் விலகி நின்று வழிவிட, பனையோலைகளைச் சலசலக்கச் செய்துகொண்டு வரும் மேல்காற்று நம் முகத்தில் வந்து படும். சேரநாட்டு மிளகு கொங்குநாட்டுக்கு வந்த பழைய வழி இது. அந்த மிளகை நாடிக் கடல் கடந்து வந்தவர்களுள், தம் முன்னோர் வணங்கிய கடவுளின் பெயரை வாய்விட்டுச் சொல்லவும் அஞ்சிய ஒரு சமூகத்தாரும் இருந்தார்கள் என்பதைப் பலர் அறியார்.

1492-இல் ஸ்பெயின் தன் யூதப் பிரஜைகளை நாடு கடத்தியது. போர்ச்சுகலில் தஞ்சம் புகுந்தவர்களுக்கோ 1497-இல் பலவந்தமாக ஞானஸ்நானம் செய்விக்கப்பட்டது. ‘புதிய கிறிஸ்தவர்’ என்று பெயர் சூட்டப்பட்ட அவர்களில் பலர் புதிய சமயத்திலேயே மனம் ஒன்றிவிட்டனர். சிலர் தேவாலயத்தில் மண்டியிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிக் கதவைத் தாழிட்டுப் பழைய ஜபத்தைத் தொடர்ந்தனர்.

அத்தகைய குடும்பம் ஒன்றில் பிறந்த வைத்தியர் கார்சியா டி ஓர்ட்டா 1534-இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். மிளகு, ஏலம், பெருங்காயம், மாங்கனி ஆகியவற்றின் குணங்களையெல்லாம் உரையாடல் வடிவில் விளக்கி, 1563-இல் கோவாவில் அவர் அச்சிட்ட நூல், கீழை நாட்டு மூலிகைகளை ஐரோப்பாவுக்குக் கண்ணாரக் கண்டவர் சாட்சியமாக அறிமுகப்படுத்தியது. 1568-இல் அவர் தண்டனை எதற்கும் ஆளாகாமலே கண்மூடினார். ஆனால் 1560-இலேயே கோவாவில் நிறுவப்பட்டிருந்த சமய விசாரணை மன்றம், அவர் மறைந்த மறு ஆண்டில் அவருடைய தங்கை கத்தரீனாவை, யூத ஆசாரங்களை மறைவாக அனுஷ்டித்தாள் என்று குற்றம் சாட்டி உயிரோடு எரித்தது. 1580-இல் கார்சியாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்து நெருப்பிலிட்டார்கள். இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் ஒருவன் நம்பிக்கையைத் தண்டிக்கத் துணிந்த அந்தக் குரூரத்தை எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது.

கோவா மன்றம் ஏற்படும் முன்பே கொச்சியிலும் அந்தக் கை நீண்டிருந்தது. 1557-இல் அங்கே புதிய கிறிஸ்தவர்கள் சிலர் பிடிக்கப்பட்டு விசாரணைக்காக லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்த போர்ச்சுகீசியக் கோட்டையிலிருந்து சிறிது தூரத்திலேயே, மட்டாஞ்சேரியில் கொச்சி அரசரின் அரண்மனைக்கு அடுத்த நிலத்தில், யூதர்கள் அச்சமின்றித் தம் தொழுகைக்கூடத்தை எழுப்பினார்கள். அது எழுந்த ஆண்டும் கார்சியா மறைந்த அதே 1568 தான். இன்றைக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, யூத வணிகத் தலைவன் ஜோசப் ரப்பானை ‘இசுப்பு இரப்பான்’ என்று அழைத்து, அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் தலைமையையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் வட்டெழுத்துச் செப்பேட்டில் அவனுக்கு அளித்த சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மனின் நாடல்லவா அது!

போர்ச்சுகலில் மறைவாகப் பழைய ஜபத்தைத் தொடர்ந்தவர்களின் சந்ததியார் என்ன ஆனார்கள்? 1917-இல் சுரங்கப் பொறியாளரான சாமுவேல் ஷ்வார்ஸ் என்ற போலந்து யூதர், போர்ச்சுகலின் மலைச் சிற்றூரான பெல்மோன்டேக்குப் போய்ச் சேர்ந்தார். தம்மைத் தவிர உலகில் வேறு யூதரே இல்லையென்று நம்பியிருந்த அவ்வூர் மறைவு யூதர்கள், அவரும் யூதர் என்பதை ஏற்கவில்லை. யூத ஜபம் ஒன்றைச் சொல்லச் சொன்னாள் ஒரு கிழவி. அவர் எபிரேய மொழியில் தொடங்கினார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ‘அதோனாய்’ என்ற திருநாமம் வந்த கணத்தில் அவள் கைகளால் கண்களைப் பொத்திக்கொண்டாள். நானூறு ஆண்டுகளில் மொழி போயிற்று, வேதம் போயிற்று. அந்த ஒரு எபிரேயச் சொல் மட்டும் பிழைத்திருந்தது. அதைக் காத்தவர்கள் பெண்கள். நம் வீட்டுப் பெண்கள் விளக்கேற்றும் அதே வெள்ளிக்கிழமை அந்தியில், அயலார் கண்ணில் படாதிருக்க மண்பானைக்குள் திரியை ஏற்றி வைத்தவர்கள், மகள்களுக்கும் பேத்திகளுக்கும் தம் ஜபங்களை வாய்மொழியாகவே கற்பித்தார்கள். 1996-இல் அவ்வூரில் தொழுகைக்கூடம் திறக்கப்பட்டது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் 2015-இல், துரத்தப்பட்ட யூதர்களின் வம்சத்தாருக்குக் குடியுரிமை பெற வழிசெய்தன. இழைத்த அநீதிக்கு அது ஈடாகுமா? ஆகாது, ஆயினும் அநீதியை ஒப்புக்கொள்வதே பெரிது என்று நான் கருதுகிறேன்.

கஞ்சிக்கோட்டைக் கடந்து கொச்சிக்குச் செல்லும் அன்பர்களே, மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கோடியில் உள்ள அந்தக் கூடத்துக்குள் ஒருமுறை சென்று, நீலச் சித்திரம் தீட்டிய சீனத்து ஓடுகளின்மீது சற்று நில்லுங்கள். அது எழுந்த மறு ஆண்டில் கோவாவில் எரிக்கப்பட்ட கத்தரீனாவையும் அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.