நூறு கிலோவில் ஒரு கிலோ: கலந்த அரிசி கலையாமல் இருப்பது எப்படி?

செறிவூட்டப்பட்ட அரிசியை நாடெங்கும் நியாயவிலைக் கடைகளில் வழங்கும் திட்டம் 2021 ஆகஸ்ட் 15 அன்று பிரதமரின் சுதந்திர நாள் உரையில் அறிவிக்கப்பட்டது. அந்த அரிசி, 100 கிலோ சாதாரண அரிசிக்கு 1 கிலோ செறிவூட்டிய மணி என்ற அளவில் கலந்து தயாரிக்கப்படுவதாகும். அரிசிமாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பிசைந்து, அச்சுத்துளை வழியே அழுத்தி, அரிசி வடிவில் வெட்டி உலர்த்தப்படும் இம்மணிகளிலேயே கூடுதல் சத்து முழுவதும் அடங்கியிருப்பதால், கலவை கலைந்தால் ஒரு வீட்டுக்கு மிகையாகவும் அடுத்த வீட்டுக்குக் குறைவாகவும் சத்து போய்ச் சேரும்.

அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற, திருவள்ளூர் மாவட்டத்துச் செங்குன்றம் போன்ற ஊரில் கலந்து தைக்கப்படும் மூட்டை, கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையில் லாரியில் குலுங்கிச் செல்லும்போது, முறத்தில் அரிசி கொழிக்கையில் நிகழ்வதே அதனுள்ளும் நிகழ்கிறது. சிறியவை பெரியவற்றின் இடைவெளிகளில் நழுவிக் கீழே இறங்க, பெரியவை மேலே தங்குகின்றன. உயரத்திலிருந்து கொட்டிக் குவிக்கும்போதோ, பருமனான மணிகள் சரிவில் உருண்டு ஓரத்தை அடைய, நுண்ணியவை நடுவில் நின்றுவிடுகின்றன. துகள் பிரிதல் எனப்படும் இந்நிகழ்வுக்கு எடை வேறுபாட்டைவிடப் பருமன் வேறுபாடே பெருங்காரணம். ஆதலால் செறிவூட்டிய மணியை அரிசியின் நீளத்துக்கும் தடிமனுக்கும் ஒப்பச் செய்வது, அழகுக்காக அன்று, கலவையைக் காப்பதற்கான முதல் ஏற்பாடாகும்.

ஆயினும் மூட்டையில் முழு அரிசி மட்டும் இருப்பதில்லை. மத்தியக் கொள்முதல் விதிகள் பச்சரிசியில் நெடுங்காலம் 25 விழுக்காடு வரை நொய்யை அனுமதித்து வந்துள்ளன. நொய் அடியில் இறங்கும்போது, முழு அரிசியை ஒத்த செறிவூட்டிய மணி அதனோடு இறங்காது என்பதால், மூட்டையின் அடியிலுள்ள அரிசியில் சத்து குறையக்கூடும். கலக்கும் எந்திரத்தைப் பற்றிப் பேசப்படும் அளவுக்கு நொய்யைப் பற்றிப் பேசப்படாதது பெருங்குறை. நொய்யைச் சலித்து நீக்கிய பின் கலப்பதும், கலந்தவுடன் உயரத்திலிருந்து கொட்டாமல் மூட்டையில் நிரப்புவதும், கூடுதல் நேரம் கலக்கும் எந்த எந்திரத்தையும்விடப் பயன் தரும்.

சோதிப்பவர் மனத்தில் கொள்ள வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. 100 கிராம் அரிசியில் செறிவூட்டிய மணி 1 கிராம் அளவே, அதாவது சுமார் 50 மணிகளே இருக்கும். கலவை மிகச் சீராக இருந்தாலும் ஒரு 100 கிராம் மாதிரியில் 43 மணிகளும் மற்றொன்றில் 57 மணிகளும் வருவது இயல்பு என்பதால், மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய இடங்களில் எடுத்த பல மாதிரிகளை ஒப்பிட்டே குறையை உறுதிசெய்ய இயலும்.

வீட்டிலும் கலவையைக் காப்பது அவசியம். டிரம்மில் கொட்டிய அரிசியை அளப்பதற்குமுன் அடிவரை கைவிட்டுப் புரட்டுவதும், நிறம் சற்று மாறித் தோன்றும் மணிகளைப் பிளாஸ்டிக் என்று அஞ்சிப் பொறுக்கி எறியாமலிருப்பதும், களையும்போது மிதக்கும் மணிகளை நீரோடு வடித்துவிடாமலிருப்பதும் வேண்டும். ஏனெனில் கிடங்கிலும் லாரியிலும் காக்கப்பட்ட அந்த ஒரு விழுக்காடு, அடுப்படியில் இழக்கப்பட்டுவிடக்கூடும்.