அச்சு மாறிய குட்டி ரயில்

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது 1886இல். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் வட்டாரங்களில் ரயில்வே சம்பளத்தில் வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். தாத்தா வேலை பார்த்த ரயிலைக் குட்டியாகச் செய்து அலமாரியில் வைக்க ஆசைப்பட்டால், பொம்மைக் கடையில் எளிதில் கிடைப்பது ஜப்பான், ஐரோப்பிய ரயில்கள்தான்.

காரணம், தயாரிப்பு முறை. 1920இல் இங்கிலாந்தின் ஹார்ன்பி நிறுவனம் தகரத்தில் குட்டி ரயில் செய்தது. பிறகு பிளாஸ்டிக் வந்தது. உருக்கிய பிளாஸ்டிக்கைச் செலுத்தும் எஃகு அச்சு வெட்டவே பெரும் பணம் வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டுப்படியாகும். செலவைக் குறைக்க, 1990களில் ஹார்ன்பியே தயாரிப்பைச் சீனாவுக்கு மாற்றியது.

நமது மலேசிய ரயில் நிறுவனமான கே.டி.எம்.மின் ரயில் ஓடுவதோ ஒரு மீட்டர் அகலப் பாதையில். 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால், தண்டவாள இடைவெளி ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். உலகில் அதிகம் விற்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கு அது பொருந்தாது.

இந்தத் தடைகளை உடைத்தது முப்பரிமாண அச்சு இயந்திரம். கணினியில் வரைந்த எஞ்சினை, திரவப் பிசினில் முடியிழையைவிட மெல்லிய அடுக்குகளாக அது கட்டி எழுப்புகிறது. ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா ஒளியில் இறுக்கி, உப்புத்தாளால் தேய்த்து வண்ணம் பூசினால் உடல் தயார். ஒன்றே ஒன்று போதுமென்றாலும் செய்யலாம். எவ்வளவு நல்ல செய்தி! மோட்டாரையும் சக்கரங்களையும் மட்டும் கடையில் வாங்கிப் பொருத்த வேண்டும்.