நோன்பும் உடம்பும்: நோயாளிக்கு விலக்கு உண்டு



ரமலான் மாதம் வந்துவிட்டால், நம்மோடு வேலை செய்யும் முஸ்லிம் தோழர்கள் பகல் முழுவதும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்கிறார்கள். தமிழ் முஸ்லிம்களும் மலாய்க்காரர்களும் மட்டுமல்ல. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து செம்பனைக் குலை வெட்டுகிற தம்பிமார்களும் அப்படித்தான். "இந்த வெயில்லே தண்ணி குடிக்காம எப்படித்தான் வேலை பாக்கிறாங்களோ!" என்று நாம் வியக்கிறோம். வியப்பதோடு நின்றுவிடக் கூடாது. இந்த நோன்பு யாருக்குக் கடமை, யாருக்கு விலக்கு என்பதைத் தெரிந்துகொள்வது உயிரைக் காக்கும் காரியம். நோன்பு இருப்பவருக்கும் அது தேவை. பக்கத்து நிரையில் வேலை செய்கிற நமக்கும் தேவை.

நமக்குப் புதிதல்ல

மலாய்க்காரர்கள் 'புவாசா' என்பது நாம் சொல்லும் 'உபவாசம்' என்ற வடசொல்லிலிருந்து வந்ததே. தமிழ் முஸ்லிம்களோ 'நோன்பு' என்ற நல்ல தமிழ்ச் சொல்லையே வழங்குகிறார்கள். மலாக்கா பட்டணத்தில் துக்காங் எமாஸ் சாலைக்குப் போனால், 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கம்போங் கிலிங் பள்ளிவாசலைப் பார்க்கலாம். அதே சாலையில்தான் ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயமும் இருக்கிறது. விரதமும் நோன்பும் இந்த ஊரில் நெடுங்காலமாக அண்டை வீட்டுக்காரர்கள்!

சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் விரதம் இருக்கும் நம்மில் பலர் பாலும் பழமும் எடுத்துக்கொள்கிறோம். ரமலான் நோன்பிலோ வைகறை முதல் சூரியன் மறையும் வரை உணவு இல்லை, நீர் இல்லை, புகையும் இல்லை. நம் நாட்டில் இது ஏறக்குறைய பதின்மூன்றரை மணி நேரம். இப்படி 29 அல்லது 30 நாள். பிறைக் கணக்கு என்பதால் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னதாக வரும். 2025-இல் மார்ச் 2-ஆம் தேதி தொடங்கியது.

பட்டினி கிடப்பது மட்டும் நோன்பு ஆகாது. பொய், புறங்கூறல், சண்டை ஆகியவற்றையும் விட வேண்டும். ஏழையின் பசியைத் தன் வயிற்றில் உணர வேண்டும். பெருநாள் தொழுகைக்கு முன் ஏழைகளுக்கு உரிய தானத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

யாருக்கு விலக்கு?

இதுதான் முக்கியம். நோன்பைக் கடமையாக்கிய திருக்குர்ஆனின் 2-ஆம் அத்தியாயத்திலேயே, நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. தனக்கோ குழந்தைக்கோ கேடு வருமென அஞ்சும் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் விலக்கு உண்டு. மாதவிலக்கு நாட்களில் நோன்பே கூடாது. தீராத நோயாளியும் தள்ளாத முதியவரும் நோன்புக்குப் பதிலாக ஏழைக்கு உணவளிக்கலாம். ஆக, நோயை மறைத்துக்கொண்டு நோன்பிருப்பது கூடுதல் பக்தி ஆகாது. "நாலு பேரு என்ன சொல்லுவாங்களோ" என்ற வெட்கத்தால் உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளே, கவனியுங்கள்!

2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. மலேசியா உட்பட 13 நாடுகளில் 2001-இல் நடந்த ஓர் ஆய்வில், பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு நோன்பு மாதத்தில் சர்க்கரை கடுமையாக இறங்கிவிடுவது ஏழரை மடங்கு கூடியிருந்தது தெரியவந்தது.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிக்லசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். ஆகவே, நோன்புக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், "டாக்டர், நான் நோன்பு இருக்கலாமா?" என்று கேளுங்கள். மருந்தின் அளவையும் நேரத்தையும் அவர் மாற்றிக் கொடுப்பார். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள்.

விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது. சர்க்கரை 3.9-க்குக் கீழே இறங்கினாலும் 16.6-க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும்.

எப்படிச் சாப்பிடுவது?

வைகறைச் சாப்பாடாகிய சஹரைத் தவற விடாதீர்கள். வெறும் தேத்தண்ணீரோடு வேலைக்கு இறங்கக் கூடாது. சோறு, பருப்பு, முட்டை, கீரை நல்லது. கருவாடும் ஊறுகாயும் தாகத்தைக் கூட்டும்.

நோன்பு திறக்கும்போது தண்ணீரும் ஒன்றிரண்டு பேரீச்சம்பழமும் போதும். அரிசியும் பருப்பும் போட்ட நோன்புக் கஞ்சி வயிற்றுக்கு இதமானது. சிரப் தண்ணீரும் சந்தையில் விற்கும் இனிப்புப் பலகாரமும் கண்ணுக்கு அழகு, உடம்புக்கு வினை. படுக்கப் போகும் வரையிலும் சஹரிலுமாக எட்டுக் குவளைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இருதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வேலைக்காட்டில் நம் கடமை

பால்மரம் வெட்டுகிறவர் விடியற்காலையிலேயே தொடங்கி வெயில் ஏறுமுன் பெரும்பகுதியை முடித்துவிடலாம். செம்பனைக் குலை சுமப்பவருக்கு அப்படி இல்லை. பாரமான வேலையைக் காலையிலேயே முடிக்கவும் நிழலில் ஓய்வெடுக்கவும் வகை செய்யும்படி மண்டோரிடம் கேளுங்கள். அவர் மறுத்தால் சங்கக் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். இதில் கூச்சம் வேண்டாம். இது உடல்நலப் பிரச்சினை.

கூட வேலை செய்கிறவருக்குக் கை நடுங்குகிறதா? குளிர்ந்து வியர்க்கிறதா? பேச்சு குழறுகிறதா? "வெயில்லே வேர்க்குது" என்று விட்டுவிடாதீர்கள், சர்க்கரை இறங்கியிருக்கலாம். நிழலில் உட்காரவைத்து, மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நோன்பு முறியுமே என்று அவர் தயங்கினால், "உயிருக்கு ஆபத்து வந்தா மார்க்கமே விடச் சொல்லுது தம்பி, குடி" என்று எடுத்துச் சொல்லுங்கள். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே அலோர் காஜா, ஜாசின், மலாக்கா என அருகில் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மாத்திரை போட அல்லது தண்ணீர் குடிக்க ஒதுங்குகிற நோயாளியைப் பார்த்து, "என்னப்பா, நோன்பு இல்லையா?" என்று கேலி பேசுவது மிகவும் தவறு. நோன்பிருப்பவரை மதிப்போம், நோன்பிருக்க முடியாதவரையும் அதே மதிப்போடு காப்போம்.