விரத நாளில் பிள்ளைகளின் இலையில் என்ன இருக்கிறது?

தைப்பூசத்தை முன்னிட்டு 48 நாள் விரதம் மேற்கொள்ளும் அன்பர்களின் இல்லங்களில் அடுப்பங்கரையே மாறிவிடுகிறது. மீனும் இறைச்சியும் விலக, குடும்பம் முழுவதும் சைவத்திற்கு வந்துவிடுகிறது. இந்நாள்களில் நம் பிள்ளைகள் காய்கறியை மிகுதியாக உண்பார்கள் என்றே எவரும் எண்ணுவர். உண்மை பல வீடுகளில் வேறாக இருக்கிறது. பெரியவர்களின் இலையில் கீரையும் பூசணியும் இருக்க, பிள்ளையின் தட்டில் உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமும் முட்டை சேர்க்காத மீ கோரிங்கும் இடம் பிடித்துக்கொள்கின்றன. சைவம்தான், ஆனால் காய்கறி எங்கே?

உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியின்படி, காய்கறியும் பழமும் சேர்த்து நாளொன்றுக்கு 2 முதல் 5 வயதுவரை குறைந்தது 250 கிராமும், 6 முதல் 9 வயதுவரை 350 கிராமும், அதற்கு மேற்பட்டோருக்கு 400 கிராமும் தேவை. உருளைக்கிழங்கு இக்கணக்கில் சேராது என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

பிள்ளை ஒருமுறை முகத்தைச் சுளித்தால், "இவனுக்குப் பாகற்காய் ஆகாது" என்று நாமே தீர்ப்பெழுதிவிடுகிறோம். புதிய சுவை ஒன்றைக் குழந்தையின் நாக்கு ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 முறைகூடச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்கின்றனர் உணவியல் அறிஞர்கள். இங்கேதான் விரதம் நமக்குக் கைகொடுக்கிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரே காயை இலையில் வைத்தாலும், 48 நாளில் 16 முறை ஆகிவிடுகிறது! ஒரு தேக்கரண்டி அளவே போதும். உண்ணாவிட்டால் கண்டிக்க வேண்டா. அடுத்த முறை மீண்டும் வையுங்கள். "கீரையைத் தின்றால் ஐஸ்கிரீம்" என்று பேரம் பேசுவது மட்டும் கூடவே கூடாது. கீரை தண்டனை, ஐஸ்கிரீம் பரிசு என்றே பிள்ளையின் மனத்தில் அது பதியும். தந்தையார் தம் இலையில் கீரையை ஒதுக்கிவைத்துவிட்டு மகனுக்கு உபதேசம் செய்வதாலும் பயனில்லை.

முருங்கைக்கீரையை உருவுவது, பயற்றங்காயை ஒடிப்பது போன்ற வேலைகளைச் சிறுவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். தன் கைபட்ட கறியை ருசி பார்க்கும் ஆவல் தானாகவே எழும்.

பழத்தின் கதையோ இன்னும் வேடிக்கையானது. அர்ச்சனைத் தட்டில் வீட்டுக்கு வரும் வாழைப்பழம் பூசை அறையிலேயே கறுத்துப்போகிறது. பிள்ளை பிஸ்கட் டப்பாவைத் தேடுகிறது. கோயிலிலிருந்து திரும்பியதும் அப்பழத்தை உரித்து எல்லாருக்கும் பங்கிடும் பொறுப்பைப் பிள்ளையிடமே ஒப்படைக்கலாமே! நம்மூர்க் கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உண்டு. அதைச் சாறாக்கிச் சர்க்கரை கலக்காமல், நறுக்கியே கொடுங்கள். நார்ச்சத்து வீணாகாது.

ஆலய உபயகாரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தண்ணீர்ப் பந்தலில் சிவப்புச் சர்பத் வழங்கும் அன்பர்கள், அதனருகே தர்ப்பூசணித் துண்டுகளையும் பப்பாளியையும் வைக்கலாம். வெயிலில் நடந்து வரும் சிறுவர்கள் அவற்றையும் விரும்பி எடுப்பார்கள். அன்னதானத்தில் பரிமாறும் தொண்டர்கள், "சின்னப் பிள்ளை, சாப்பிடாது" என்று காய்கறி வாளியோடு சிறுவரின் இலையைக் கடந்து போவதைப் பல ஆலயங்களில் காண்கிறோம். அந்தச் சிறிய இலையிலும் ஒரு கரண்டி கூட்டு விழட்டும்.